கட்டைவிரலியல்

மெய்ப்பாடு எட்டு என்பது தொல்காப்பியர் கணக்கு. 2022 மே மாதம் வாட்ஸ்அப் அறிமுகப்படுத்திய எதிர்வினைகளோ ஆறு. ஒத்திட்டுப் பார்த்தால் சிரிக்கும் முகம் நகை, கண்ணீர் முகம் அழுகை, வாய் பிளந்தது மருட்கை, இதயம் உவகை. கூப்பிய கையைப் பக்தியில் சேர்த்து ஒதுக்கிவிடலாம். வெகுளி, அச்சம், இளிவரல், பெருமிதம் நான்குக்கும் முகம் கிடைக்கவில்லை. மிஞ்சியது கட்டைவிரல் ஒன்று. வீடில்லாத அந்த நான்கும் இந்த ஒற்றை விரலில்தான் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

‘அதே ஆண்டு ஜூலையில் எந்த எமோஜியையும் இடலாம் என்று ஆக்கிவிட்டார்களே?’ என்று தடை எழுப்புவர். ஆக்கட்டும். வரிசையில் முதலில் நிற்பது கட்டைவிரல். அதைத் தாண்டிப் போகும் பொறுமை குடும்ப குரூப்பில் யாருக்கு இருக்கிறது?

இனி களத் தரவு. ‘ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குக் காதுகுத்து. எல்லாரும் காலை 9 மணிக்குள்ள வந்துடுங்க’ என்று அத்தை எழுதுகிறார். பெரியப்பா கட்டைவிரல் இடுகிறார். வருகிறார் என்று ஒரு சாராரும், பத்திரிகை வைத்து நேரில் அழைக்காததால் வந்த வெகுளி என்று மறுசாராரும் உரை கூறுவர். மெய்ப்பாட்டியலுக்கு இளம்பூரணரும் பேராசிரியரும் உரை செய்தார்கள். பெரியப்பாவுக்கு உரை செய்யப் பெரியம்மா ஒருவரால்தான் முடியும், அவரோ குரூப்பில் இல்லை. அடுத்து, ‘சாப்பாட்டுச் செலவுக்குக் குடும்பத்துக்கு 2,000 ஜிபே பண்ணுங்க’ என்று சித்தப்பா. நொடியில் கட்டைவிரல்கள் முளைக்கின்றன. பணம் வரவில்லை. இது தூய அச்சம். மேலாளர் நள்ளிரவில் அனுப்பும் வேலைக்கு இடப்படும் விரல் இளிவரல். மகன் ரேங்க் வாங்கிய செய்திக்கு, வாங்காத பையனின் அப்பா இடுவதைப் பெருமிதத்தில் சேர்ப்பதா என்பதில் எனக்கே ஐயம் உண்டு.

இதையெல்லாம் விளையாட்டு என்று தள்ளுவோர் கனடாவைப் பார்க்க. அங்கே 2021இல் 86 டன் ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பினார் வாங்குபவர். விவசாயி கட்டைவிரல் இட்டார். சரக்கு போய்ச் சேரவில்லை, விலை ஏறியிருந்தது. ‘ஒப்பந்தம் வந்து சேர்ந்தது என்றுதான் சொன்னேன், சம்மதம் என்று அல்ல’ என்றார். 2023இல் சஸ்காட்செவன் நீதிமன்றம் அந்த விரலைக் கையொப்பமாகவே ஏற்று, 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. மேல்முறையீட்டிலும் விவசாயிக்குத் தோல்விதான்.

இவ்வாய்வில் கருத்து வேறுபாடு உடையோர் எழுத்தில் தெரிவிக்கவும். கட்டைவிரல் மட்டும் இடுவோர் முழுதும் உடன்பட்டவராகவே கொள்ளப்படுவர். தீர்ப்பு நம் கையில் இருக்கிறது.