கொட்டை எழுத்தின் குணமும் பயனும்: மதுரைச் சுவர்வழி ஓர் ஆய்வு

கொட்டை எழுத்தின் இலக்கணம் மூன்று: பருத்திருக்கும், முனை மழுங்கியிருக்கும், ஓடும் பேருந்திலிருந்து படிக்கக் கிடைக்கும்.

வரலாறு. மாங்குளம் மலையில் 1882இல் இராபர்ட் சூவெல் கண்டறிந்த தமிழி எழுத்துகள் குச்சி குச்சியாக நிற்பவை. சதை பிற்பாடுதான் பிடித்தது. யானைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில், பொ.ஆ. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டில், வட்டெழுத்து நன்றாகவே உருண்டுவிட்டது. ஓலையில் நேர்கோடு கீறினால் கிழியும், ஆகவே வளைத்தனர் என்பது அறிஞர் முடிபு. “யானைமலை கிழியாதே ஐயா?” என்று கருத்தரங்கொன்றின் பின்வரிசையிலிருந்து வினா எழுந்தபோது தேநீர் இடைவேளை அறிவிக்கப்பட்டது.

இக்காலம். மும்பையின் எக் டைப் குழுவினர் ‘பலூ’ என்ற பருத்த உருண்டை எழுத்துருக் குடும்பத்தை உருவாக்கி, காசு வாங்காமல் பயன்படுத்த விட்டிருக்கிறார்கள். தமிழுக்கு வந்தது ‘பலூ தம்பி’. தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா. மலையாளத்துக்கோ சேட்டன்! தென்னகத்து நால்வரில் அண்ணன் பதவி மலையைக் கடந்து போனது எவ்வாறு என்பதை எந்த ஆய்வேடும் தொடவில்லை. இரண்டாம் பதிப்பில் தம்பி ஐந்து கனங்களில் வருகிறான். மெலிந்த தம்பியை மதுரை அச்சகங்களில் யாரும் கேட்பதில்லை.

சிக்கல் இனிமேல்தான். மதுரைச் சுவரொட்டியில் நடுவிடம் அண்ணனுக்கே உரியது. தம்பிமார் அடிவரிசையில் அஞ்சல்தலை அளவில் முகம் காட்டி, அச்சுக்கூலியும் கொடுப்பவர்கள். அண்ணன் பெயரைத் தம்பியில் அச்சிடுவது முறையாகுமா?

ஆகும் என்பது முதற்கொள்கை. அண்ணனைத் தம்பி தாங்குவது மரபு (காண்க: காளவாசல், சுவர்). ஆகாது என்பது இரண்டாம் கொள்கை. பெயரில் தம்பி ஏறினால் ஆள் இறங்கினார் என்று பொருள் (காண்க: தெற்குவாசல், பாலத்தூண், மேற்கு முகம், காதுகுத்து அடுக்குக்குக் கீழே, பூப்புனித நீராட்டு அடுக்குக்கு மேலே, மைதா படிவு நீங்கலாக). தம்பியும் ஒருநாள் அண்ணனாவான், பொறுத்திருக்க என்பது மூன்றாவது (காண்க: திருமங்கலம் சாலை, மூடிய அரிசி ஆலைச் சுவர், வலது மீசை வரை, எஞ்சிய பகுதியை வெள்ளாடு தின்றுவிட்டது, ஆட்டைச் சோதிக்க உடையவர் இசையவில்லை, அடுத்த வாரக் கிடாவெட்டில் அவ்வாடு பரிமாறப்பட்டதால் மூலப்படியை உண்டோருள் இவ்வாய்வாளரும் ஒருவர், சுவை நன்று). மூலத்தை இவ்வளவு நெருங்கிய தமிழாய்வு வேறில்லை. பெரும்பாலானவை முந்தைய நூலின் அடிக்குறிப்போடு நின்றுவிடுகின்றன.

பயன்கள். காதுகுத்து: பொருந்தும். பரோட்டாக் கடை: மிகப் பொருந்தும், இரண்டும் உருண்டை. ஜல்லிக்கட்டு: கொம்புக்கு முனை வேண்டும், பொருந்தாது. வட்டிக்கடை: சிரித்த முகம் ஆகாது.

கண்ணீர் அஞ்சலியில்தான் கருத்து மோதல் வலுக்கிறது. ‘இயற்கை எய்தினார்’ என்பதை உருண்டை எழுத்தில் பார்த்தால், மனிதர் விருந்துண்டு, வெற்றிலை போட்டு, திருப்தியாகப் போய்ச் சேர்ந்தது போலிருக்கிறது. ‘தி’யின் கொழுகொழுப்பு துக்கத்துக்கு இடையூறு. மெலிந்த எழுத்தைப் போட்டாலோ, செலவுக்கு அஞ்சினார்கள் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வரும். சிம்மக்கல் பக்கம் ஓர் அச்சகத்தில், கணினி முன் இருந்த இளைஞரிடம் இவ்வினாவை முப்பது நிமிடம் விளக்கினோம்.

“கருப்புல போட்டா எல்லாமே துக்கந்தேண்ணே. எத்தன காப்பி?” என்றார்.

தகவலாளியிடம் முனைவர் பட்டம் இல்லாமையால் இக்கூற்று ஏற்கப்படவில்லை.