ஆம்ஸ்டர்டாம் அத்தை மகன்

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் கல்யாண விருந்துக்குப் பன்றிக்கறியா? கதை விடுகிறீரா?
(வாசகர், தேனி)

17,000-க்கும் மேற்பட்ட தீவுகளுக்கு ஒரே சமையல்காரரா என்ன? பாலியில் இந்துக்கள், வடக்கு சுமத்ராவில் பத்தாக் கிறிஸ்தவர்கள். பன்றி இல்லாமல் தோபா பத்தாக் கல்யாணம் களைகட்டாது.

நீர் பார்த்ததிலேயே விசித்திரமான கலப்புத் திருமணம்?
(வாசகி, மதுரை)

வடக்கு சுமத்ராவின் மேடான் நகரில் பார்த்தது. பெண் தோபா பத்தாக், மாப்பிள்ளை டச்சுக்காரர். குலமில்லாதவருக்கு முறைப்படி பெண் கொடுக்க முடியாது. அதனால் முதலில் மாப்பிள்ளையைத் தத்தெடுத்தார்கள். பெண்ணின் குலத்தையே கொடுத்தால் அண்ணன் தங்கை ஆகிவிடுவார்கள், கல்யாணம் நின்றுபோகும். எனவே, பெண்ணின் அத்தை புருஷனுடைய குலம். ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர் இப்படியாக அத்தை மகன் ஆனார்! நம்மூர்த் தரகர்களுக்கு இந்த யோசனை இன்னும் எட்டவில்லை, நல்லவேளை.

விருந்தில் பன்றியை உறவுமுறைப்படி பங்கு வைத்தார்கள். எந்தத் துண்டு யாருக்கு என்பதில் கௌரவமே அடங்கியிருக்கிறது. பெரியவர்கள் அதைப் பேசி முடிப்பதற்குள் நமக்குப் பசி உயிர்போனது.

பன்றியை இனிப்பாகச் சமைப்பார்களாமே, நிஜமா?
(வாசகர், கோவை)

பாபி கெச்சாப்பைச் சொல்கிறீர். பனைவெல்லம் கலந்த சோயா சாஸில் பூண்டு, இஞ்சியோடு கறி கறுத்துப் பளபளக்கும்வரை குறைந்த தீயில் வேகும். நெதர்லாந்திலும் பிரபலம், மாப்பிள்ளை சிறுவயதிலேயே ருசி பார்த்தவர். பத்தாக்குகளின் சக்சாங் வேறு ரகம். அதில் பன்றி ரத்தமும் அந்தலிமான் மிளகும் சேரும்; அந்த மிளகு நாக்கை மரத்துப்போகச் செய்யும். மாமனார் வீட்டில் வாய் திறக்காமல் இருக்கவேண்டிய புது மாப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்?