ஃபுல் பர்மிஷன் குடுத்தாச்சு சார்

“ஃபுல் பர்மிஷன் குடுத்துட்டேன் சார். இப்ப ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க.”

மயிலாப்பூர் சபா செயலாளர் மாமாவும், தி.நகர் ஜவுளிக்கடைக் கணக்குப்பிள்ளையும், அடையாறு பல் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இந்த வசனத்தை மூவரும் கேட்டிருக்கிறார்கள். காலையில் லஸ் கார்னர், மத்தியானம் பனகல் பார்க், சாயங்காலம் அடையாறு டிப்போ என்று ஸ்கூட்டரில் சுற்றும் அந்த வெப்சைட்காரருக்கு முதுகில் லேப்டாப் பை, காதில் ப்ளூடூத். சர்வரில் எந்தக் கோளாறானாலும் அவரிடம் மருந்து ஒன்றுதான்: சிஎச்மோட், மைனஸ் கேப்பிட்டல் ஆர், ட்ரிபிள் செவன்.

படம் ஏறவில்லையா? ட்ரிபிள் செவன். ப்ளகின் அப்டேட் ஆகவில்லையா? ட்ரிபிள் செவன். பக்கம் மெதுவாகத் திறக்கிறதா? அதற்கும் அதேதான். டொமைனுக்குப் பணம் கட்ட மறந்து சைட்டே காணாமல் போன அன்றைக்கும் முதலில் அதைத்தான் அடித்தார். “எதுக்கும் இருக்கட்டும் சார்.”

தெரியாதவர்களுக்கு: லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று தரப்பு உண்டு. மாட வீதிப் பக்கத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீட்டில் வீட்டுக்காரர், குடித்தனக்காரர்கள், தெருவில் போகிறவர்கள் என்று இருப்பார்களே, அப்படி. படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. 755 என்றால் வீட்டுக்காரருக்கு எல்லா உரிமையும் உண்டு. மற்ற இரண்டு தரப்பும் படிக்கலாம், இயக்கலாம், எழுதக் கூடாது. 777 என்றால் தெருவில் போகிறவரும் உள்ளே வந்து எதையும் மாற்றிவிட்டுப் போகலாம். தெரு என்பது இங்கே இன்டர்நெட் அல்ல, அதே சர்வரில் இருக்கும் மற்ற யூசர்கள். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் அந்தத் தெரு ரங்கநாதன் தெரு.

இந்த உரிமைகளை மாற்றும் சிஎச்மோட் கட்டளை ஒன்றும் நேற்று வந்ததல்ல. 1971 நவம்பர் 3 தேதியிட்ட யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே அது இருக்கிறது. யாருக்கு எவ்வளவு என்று அளந்து கொடுக்கத்தான் அதைச் செய்தார்கள். நம்மவர் அளப்பதே இல்லை.

அவர் அதைச் செய்கிற அழகைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய அலுப்பாக இருக்கும் நாட்களில் ஃபைல்ஜில்லா என்ற மென்பொருளைத் திறப்பார். ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ‘ஃபைல் பர்மிஷன்ஸ்’. மும்மூன்றாக ஒன்பது கட்டங்கள் வரும். ஏழில் ஏற்கெனவே டிக் இருக்கும். மிச்சம் இரண்டு. முதல் டிக்கில் கீழே உள்ள எண் 755இலிருந்து 775 ஆகும், அடுத்ததில் 777. அந்த நொடியில் அவர் உட்காரும் தோரணையே மாறும். பிறகு ‘சப்டைரக்டரிகளுக்கும்’ என்ற கட்டத்தில் ஒரு டிக். அதன் கீழே ஃபைல்களுக்கு மட்டும், டைரக்டரிகளுக்கு மட்டும் என்று இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் அவர் கண் இதுவரை போனதில்லை. ஓகே. ஆயிரக்கணக்கான ஃபைல் பெயர்கள் கீழே ஓட ஆரம்பிக்கும். அவர் டீயைக் கையில் எடுப்பார்.

‘எழுத முயல்வது யார்?’ என்ற கேள்வியை மட்டும் அவர் கேட்கவே மாட்டார். உபுண்டுவில் அப்பாச்சி வெப் சர்வர் வழக்கமாக ‘ட்ரிபிள் டபிள்யூ டேட்டா’ என்ற யூசராக ஓடும். ஃபைல்களை இவர் ரூட்டாக நுழைந்து ஏற்றியிருப்பார். ஆகவே ஃபைல் ஒருவர் பேரில், எழுத வருகிறவர் வேறொருவர். ப்ளகின் அப்டேட் செய்யப்போனால் வேர்ட்பிரஸ் சம்பந்தமில்லாமல் எஃப்டிபி பாஸ்வேர்டு கேட்டு நிற்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். ‘எல்எஸ் மைனஸ் எல்’ அடித்தால் ஃபைல் யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். படம் ஏற வேண்டுமானால் அப்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் ‘சிஎச்ஓன்’ போட்டு வெப் சர்வர் பேருக்கு மாற்றினால் போதும். டைரக்டரிகளுக்கு 755, ஃபைல்களுக்கு 644, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைலுக்கு 440 அல்லது 400 என்கிறது வேர்ட்பிரஸ் கையேடு. எந்த டைரக்டரிக்கும், அப்லோட்ஸுக்குக்கூட, 777 கூடாது என்று தனியாகவும் சொல்கிறது. அவரிடம் இதைச் சொன்னால், “அதெல்லாம் தியரி சார்” என்பார்.

தி.நகர் ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடிக்கு முந்தின நாள் புடவைப் படங்கள் ஏறவில்லை. வந்தார், 777 போட்டார், ஏறின. முதலாளி கையால் காபி. தீபாவளி நெருங்கும்போது கூகுளில் கடைப் பெயரைத் தேடினால் காஞ்சிப் பட்டு வரவில்லை; ஜப்பானிய எழுத்தில் போலிக் கைப்பை விளம்பரம் வந்தது. இது உலகம் முழுக்க நடக்கிற தாக்குதல்தான். சரிசெய்வது எப்படி என்று கூகுளே தனிக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. ஓட்டை ஒரு பழைய ப்ளகினில் இருந்தது. ஆனால் அந்த வழியாக நுழைந்தவன் அப்லோட்ஸோடு நிற்காமல் முகப்பு ஃபைல் வரை எழுதிவிட்டுப் போக முடிந்தது 777இன் தயவில்.

கணக்குப்பிள்ளை போன் செய்து பவ்யமாகக் கேட்டார்: “தம்பி, மொதலாளி ஜப்பான்ல பிராஞ்ச் ஏதும் தொறந்திருக்காரா?”

இதில் வேடிக்கை, எல்லாரையும் உள்ளே விடும் அந்த எண்ணைப் பார்த்தாலே பல மென்பொருள்கள் வேலைநிறுத்தம் செய்துவிடும். மைஎஸ்க்யூஎல் தன் கான்ஃபிக் ஃபைலை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றிருந்தால் அதைப் படிக்காமலே ஒதுக்கிவிடும். அப்பாச்சியின் சூஎக்ஸெக், மற்றவர்கள் எழுதக்கூடிய ஸ்கிரிப்டை ஓட்ட மறுத்து 500 என்ற பிழையைக் காட்டும். 500ஐப் பார்த்ததும் நம்மவர் என்ன செய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடையாறு டாக்டரின் சைட் 403, அதாவது அனுமதி இல்லை என்ற பிழையைக் காட்டியது. உபுண்டு 21.04 முதல் புது யூசரின் ஹோம் டைரக்டரி 750 ஆகத்தான் உருவாகிறது. சைட்டை அதற்குள் வைத்தால் வெப் சர்வரான என்ஜின்எக்ஸால் வாசல் தாண்ட முடியாது. டைரக்டரிக்கு அந்த 1 என்பது நுழையும் உரிமை. மேலே ஒரு படியில் அது இல்லையென்றாலும் கீழே எத்தனை 777 போட்டும் பிரயோஜனமில்லை. ‘நேம்ஐ மைனஸ் எல்’ என்ற ஒரே வரி எந்தப் படியில் தடை என்று காட்டிவிடும். நம்மவர் ஒவ்வொரு படியாக மேலே போய், ஹோம் டைரக்டரி முழுவதற்கும் 777 போட்டார். சைட் திறந்தது. “ஃபுல் பர்மிஷன் குடுத்துட்டேன் டாக்டர்.”

மறுநாள் அவரே உள்ளே நுழைய முடியவில்லை. ஹோம் டைரக்டரியில் மற்றவர்கள் எழுத முடியும் என்றால் வெளியிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், அதில் வைத்த சாவியை நம்பாது. உலகத்துக்கே அனுமதி கொடுத்தவருக்குத் திரையில் வந்த பதில்: ‘பர்மிஷன் டினைடு’.

ஹோஸ்டிங் கம்பெனியின் பிரவுசர் கன்சோல் வழியாக நுழைந்தார். இந்தத் தடவை அரைகுறையாக விடக்கூடாது என்று மொத்த மெஷினுக்கும், அடிவேரிலிருந்து, 777. ஃபைல்களை அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையாவது அடிவேரைத் தொடச் சொன்னால் மறுத்துவிடும். சிஎச்மோட் கேள்வி கேட்காது. நிர்வாகி உரிமை தரும் சூடோ கட்டளைக்கு உயிர்நாடியான செட்யூஐடி பிட் அதில் போனது. அந்த பிட்டுக்கு டென்னிஸ் ரிச்சி பேரில் 1979இல் பேட்டண்ட் கொடுக்கப்பட்டது; நம்மவருக்குத் தெரிந்த ரிச்சி ஹார்ட் டிஸ்க் விற்கும் தெரு ஒன்றுதான். சூடோ செத்தது. டாக்டருக்குப் போன செய்தி: “சர்வர் ஹேக் ஆயிடுச்சு டாக்டர். புதுசா போடணும்.”

எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கைப் பார்த்த இடத்திலேயே அணைப்பது, எல்லாவற்றுக்கும் ரீஸ்டார்ட் போடுவது போன்ற கிளைப் பழக்கங்களும் அவருக்கு உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மார்கழி சீசன் கச்சேரிப் பட்டியல் ஏறவில்லை என்று மாமா ராத்திரி 11 மணிக்குக் கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுக்கிற ஒரே ஆள் இவர்தான். விஷயம் தெரிந்தவர்கள் “டிக்கெட் போடுங்க, திங்கக்கிழமை பார்க்கிறோம்” என்பார்கள். இவர் மழையிலும் வருவார். கூலியாகப் பாதி நேரம் சபா கேண்டீன் டிபன். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் தானாகத் தட்டித்தடவிக் கற்றவர். முதல் தடவை மாட்டிக்கொண்டபோது காப்பாற்றியது 777. அந்த நன்றியை இன்னும் மறக்கவில்லை.

கற்க வழியில்லாத ஊரும் இல்லை இது. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இருக்கிறது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமைகளில் ஐஐடியில் பல வருடம் கூடியது, அடையாறிலிருந்து கூப்பிடு தூரம், பைசா கிடையாது. 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ் இதையெல்லாம் தமிழிலேயே இலவசமாகத் தருகிறது.

கேலி போதும். டாக்டரின் சைட்டில் நோயாளிகளின் பெயர், போன் நம்பர், எந்தப் பல்லுக்கு என்ன வைத்தியம் என்பதெல்லாம் இருக்கிறது. அதைக் காக்கும் பாஸ்வேர்டு ஃபைலை இவர் எல்லாரும் படிக்கத் திறந்துவைத்தார், டாக்டரிடம் சொல்லவில்லை. எதை மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைக்கும் வழக்கமும் இல்லை. முன்பு என்ன பர்மிஷன் இருந்தது என்று கேட்டால் தெரியாது. சிஎச்மோடுக்கு அன்டூ கிடையாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு இடம் வைத்திருக்கிறது. பொறுப்பு கிளினிக்குடையது, ஸ்கூட்டரில் வந்து போனவருடையது அல்ல.

ஜப்பான் விவகாரத்துக்குப் பிறகு ஜவுளிக்கடை முதலாளி பயந்துபோய் செக்யூரிட்டி ஆடிட் செய்யச் சொன்னார். வேறு யாரைத் தெரியும் அவருக்கு? இவரிடமே சொன்னார். ஒரு வாரத்தில் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ரிப்போர்ட் வந்தது. முதல் பக்கத்தில், சிவப்பில்: “பெரும்பாலான ஃபைல்களுக்கு 777 கொடுக்கப்பட்டுள்ளது. மிகவும் ஆபத்தானது. முன்பு வேலை பார்த்தவர் செய்திருக்கலாம்.” கடைசிப் பக்கத்தில் பில். ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி.