ரின் மீனுக்கு அனுமதி இல்லை

ஆகஸ்ட்டில் காட்டுக்குப் போக வேண்டுமென்றால் மார்ச்சிலேயே சண்டையைப் பிடித்து முடித்துவிட வேண்டும். கனடாவின் அல்கோன்குயின் பூங்காவில், கனோவில் போய்ச் சேரும் உள்காட்டு முகாமிடங்களுக்கு ஐந்து மாதம் முன்னதாகவே முன்பதிவு திறக்கிறது. அதனால்தான் ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் குடும்பம், வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி கிடக்கும்போதே நுளம்பைப் பற்றிக் கூடிப் பேசியது. அப்பா, அம்மா, பதினாறு வயது மகள், பதினொரு வயது மகன், எழுபதைத் தாண்டிய அம்மம்மா. ஒருவரும் அதுவரை துடுப்பைத் தொட்டதில்லை.

அப்பாவுக்கு மே மாதம்தான் வேண்டும். காரணம் நியாயமானது. ஏரியில் பனிக்கட்டி கரைந்ததும் ட்ரவுட் மீன் மேல்நீருக்கு வரும். 10 பாகைக் குளிர்தான் அதற்குச் சுகம். கோடையில் மேல்நீர் சூடேற, ஆழத்துக்கு இறங்கிவிடும். புதிதாகத் தூண்டில் பிடிப்பவர் மேலே எறிந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

அம்மாவும் படித்துத்தான் வந்திருந்தார். மே நடுவிலிருந்து ஜூன் கடைசிவரை அங்கே ‘பிளாக்ஃப்ளை’ என்னும் கடியன் ஈயின் ஆட்சி. ஓடுகிற நல்ல தண்ணீரில்தான் அதன் புழு வளரும்; அந்தப் பூங்காவிலோ ஆறும் ஓடையுமாக 1,200 கிலோமீட்டர் ஓடுகிறது. காதுக்குப் பின்னால், மயிர் ஓரத்தில் என்று இடம் பார்த்துக் கடிக்கும். இருட்டினால் ஓய்ந்துவிடும். அப்போது நுளம்பு வேலைக்கு வரும்.

“மீனுக்கு நல்ல காலம் எண்டால் ஈக்கும் நல்ல காலம். இஞ்சாருங்கோ, நீங்கள் மீனுக்குப் போறியளோ, ஈக்குப் போறியளோ?” என்று அம்மா கேட்டார். ஆகஸ்ட் என்று முடிவானது. சூட்டைத் தாங்கிக் கரையோரப் பாறைகளில் திரியும் ஸ்மால்மவுத் பாஸ் பிடித்தால் போதும் என்று அப்பா பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். பாஸ் ஒத்துக்கொண்டதா என்பது வேறு விடயம்.

அடுத்தது இடம். 1893-இல் தொடங்கிய பூங்கா அது. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல், ஏரிகள் மட்டும் 2,400க்கு மேல். அப்பா முதலில் விரல் வைத்தது ஒபியோங்கோவில், இருப்பதற்குள் மிகப் பெரியதில். காற்று எழும்பினால் அங்கே அலை புரட்டும் என்று தெரிந்ததும் விரல் மெல்ல நகர்ந்து கனோ ஏரியில் நின்றது. மகள் கைப்பேசியில் ஓவியர் ரொம் தொம்சனை எடுத்துக் காட்டினாள். 1917 ஜூலை 8-ஆம் திகதி அதே ஏரியில் தனியே கனோவில் புறப்பட்டவர். எட்டு நாள் கழித்து உடல்தான் கிடைத்தது. அந்தக் காட்டில் வழிகாட்டியாக வேலை பார்த்தவர், தூண்டில் பைத்தியம் வேறு. எப்படி இறந்தார் என்று கனடியர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள்.

“அவருக்கே அப்பிடியெண்டால்...” என்று தொடங்கிய அம்மா, அப்பாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாரே தவிர, வசனத்தை முடிக்கவில்லை.

ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி படகில் இருக்க வேண்டும் என்பது கனடாச் சட்டம். அது உடம்பில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க 750 மில்லிலீட்டருக்குக் குறையாத ஒரு கலம் ஆகியவையும் பட்டியலில் ஏறின. கலத்துக்குக் கடைக்குப் போகவில்லை. வெறும் ஐஸ்கிரீம் டப்பாவை எறிந்த தமிழ் வீடு ஏது?

கடைசியில், கனோ ஏரியில் புறப்பட்டு ஜோ ஏரியில் முகாமிடுவது என்று தீர்மானம். நடுவில் ஒரு ‘போர்ட்டேஜ்’ உண்டு. தண்ணீர் முடிந்த இடத்தில் படகைத் தலைக்கு மேலும் சாமானை முதுகிலும் ஏற்றிக்கொண்டு, அடுத்த தண்ணீர்வரை காட்டுப் பாதையில் நடப்பதுதான் அது. மஞ்சள் பலகையில் தூரத்தைப் போட்டிருப்பார்கள். இங்கே 295 மீட்டர். பழகியவர்கள் இதை ஒரு போர்ட்டேஜாகவே மதிப்பதில்லை. இந்தக் குடும்பம் அதுவரை அறிந்த முகாம் என்பதோ, கூடாரத்துக்குப் பக்கத்தில் வாகனம், வாகனத்துக்குள் பாதி வீடு.

வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் கிட்டத்தட்ட அதே தூரம் என்று மகன் கண்டுபிடித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை நடந்தது. இரட்டை அடுப்பு, குளிர்பெட்டி, மடக்குக் கதிரைகள், புட்டுக்குழல், கரம் பலகை எல்லாம் ஊர்வலமாகப் போய்த் திரும்பின. வீடு மாறுகிறீர்களா என்று அயல்வீட்டுக்காரர் அக்கறையோடு விசாரித்தார். இத்தனைக்கும் கனோ இன்னும் கணக்கில் வரவில்லை. கெவ்லர் என்றால் சுமார் 20 கிலோ, வாடகை அதிகம். அலுமினியம் 30க்கு மேல், வாடகை குறைவு. கதிரைகளை வைத்த இடத்திலேயே அப்பா கெவ்லருக்குச் சம்மதித்தார். ஐந்து பேருக்கு இரண்டு படகு வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

உண்மையான இடி சாப்பாட்டில் விழுந்தது. உள்காட்டுக்குள் தகரமும் போத்தலும் கொண்டுபோகக் கூடாது. யாழ்ப்பாணத்தார் சமையலறையில் அவசரத்துக்குக் கைகொடுப்பதே ரின் மீன்தான்! தேங்காய்ப்பாலும் தகரத்தில்தான் வருகிறது. பாலுக்குப் பதில் பால்மாப் பாக்கெட் கிடைத்தது. ரின் மீனுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கருவாடு என்று அம்மம்மா மெல்ல முணுமுணுத்தபோது, கரடி என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். வாசனையுள்ள எதையும் இறுக்கி மூடிய பீப்பாயில் அடைக்க வேண்டும். அல்லது தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் விலக்கிக் கட்டித் தூக்க வேண்டும். பற்பசைக்கும் இதே சட்டம். கரடிக்கும் பல் உண்டல்லவா.

ஆக, இரவுச் சாப்பாடு அப்பாவின் தூண்டிலை நம்பித்தான். அவருக்கோ ஒன்ராறியோ மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும். உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோகவும் தடை, மண்புழுதான். பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கும் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் உரிமக் கட்டணம் இல்லை, அடையாள அட்டை போதும் என்று மகள் வாசித்தாள். பருத்தித்துறைக் கடற்காற்றில் வளர்ந்த அம்மம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப கொப்பர் துடுப்பைப் பிடிக்கட்டும், நான் மீனைப் பிடிக்கிறன்” என்று சொல்லிவிட்டு, பழப்புளி எவ்வளவு எடுப்பது என்று கணக்குப் போடத் தொடங்கினார்.

இப்போது பாக்கி ஒன்றே ஒன்று. முகாமிடத்தின் கழிப்பறை, காட்டுக்குள் கொஞ்சம் தள்ளிக் குழிமேல் வைத்த ஒரு மரப்பெட்டி. மூடி உண்டு, சுவரும் கூரையும் இல்லை. இதை அம்மம்மாவிடம் சொல்லும் பொறுப்பைப் பட்டியலில் முதலில் அப்பாவின் பெயருக்கு நேரே எழுதியிருந்தார்கள். அதை யாரோ அடித்துவிட்டு மகளின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அதையும் அடித்து, கீழே சின்ன எழுத்தில்: “ஜோ ஏரி போய்ச் சேர்ந்த பிறகு.”