அட்மின் அண்ணன்

திருவொற்றியூர் தேரடியில் தொடங்கி எண்ணூர் தாழங்குப்பம் வரை, தெருவுக்குத் தெரு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. குழுவுக்குக் குழு ஓர் அட்மின் அண்ணன் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் படகும் பால் பவுடரும் கேட்டு அவசரமாக ஆரம்பித்தவை பல. வெள்ளம் வடிந்தது, குழு வடியவில்லை.

நம் அண்ணனுக்குக் கன்டெய்னர் லாரி ஆபீசில் வேலை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் ட்ரெய்லர் வரிசை நகராத நாளில் அவருக்கு நேரம் நிறைய. அந்த நேரத்தில்தான் விதி எழுதுவார். குட் மார்னிங் கூடாது. எந்தக் கட்சித் தலைவருக்கும் பிறந்தநாள் கூடாது. வசூலித்த பணத்துக்கு அன்றிரவே கணக்கு வேண்டும். வாய்ஸ் நோட்டு அரை நிமிடத்துக்குள். 'குழுவில் இருந்தாலே விதிகளைப் படித்து ஒப்புக்கொண்டதாக அர்த்தம்' என்று கடைசியில் ஒரு வரி. சரக்குப் பேப்பரில் பழகிய கை அல்லவா.

ஒவ்வொரு விதிக்கும் சரித்திரம் இருக்கிறது. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியதே, அப்போது வாளியில் எண்ணெய் அள்ளியவர்களைவிட வாளியோடு செல்ஃபி எடுத்தவர்கள்தான் அதிகம் என்பது அண்ணன் கணக்கு. அதிலிருந்து போட்டோவுக்குத் தடை. உதவி வாங்குகிறவர் முகம் தெரிந்தால் உடனே அழித்துவிடுவார். இந்த ஒரு விதிக்காகவே அவருக்கு மாலை போடலாம்.

ஆனால் அமலாக்கம் என்று வரும்போதுதான் வேடிக்கை. காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டு மாமா ரோஜாப்பூவும் முருகனுமாய் ஒரு குட் மார்னிங் போடுவார். "விதி 1" என்பார் அண்ணன். மாமா கைகூப்பும் பொம்மை போடுவார். "பொம்மையும் விதி 1-ல்தான் வருது." உடனே குழுவே பதறி, ஆளாளுக்கு "சரிண்ணா" போடும். 'சரி, ஓகே போட்டு இடத்தை அடைக்கக் கூடாது' என்பது விதி 9. யாரைக் கண்டிப்பது?

ஒருநாள் பொறுக்காமல் மாமாவை நீக்கியே விட்டார். நீக்குவது ஒரு விரல் வேலை. அதற்கப்புறம் டீக்கடைக்குப் போக வேண்டுமே! "இன்னாபா அட்மினு, நம்மளயே தூக்கிட்டியாமே? உன் தங்கச்சி கல்யாணத்துல பந்தி பரிமாறுனது யாரு?" டீ ஆறுவதற்குள் மாமா மறுபடி உள்ளே. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று குழுவில் அறிவிப்பு வந்தது. ஃபைபர் படகு வைத்திருக்கும் காசிமேட்டு உறுப்பினர் விஷயம் இன்னும் மோசம். இன்ஜின் சத்தத்தோடு நாலு நிமிட வாய்ஸ் நோட்டு, கட்சி வீடியோ, எல்லாம் போடுவார். அவரிடம் அண்ணன் தனியாகப் போய் "கொஞ்சம் பாத்துக்கங்கண்ணே" என்பதோடு சரி. அடுத்த வெள்ளத்துக்குப் படகு வேண்டாமா?

யார் எதைப் போட்டாலும் போலீஸ் தன்னைத்தான் பிடிக்கும் என்ற பயம் அவருக்கு உண்டு. அட்மினாக இருந்ததைத் தவிர வேறொன்றும் செய்யாதவர் பெயரை வழக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று 2021 டிசம்பரிலேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கரூர் வழக்கறிஞர் ஒருவரின் வழக்கில் சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால் அண்ணன் முகம் வாடிப்போகிறது. ஆபத்தில்லாத பதவியில் என்ன கெத்து?

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. கண்ணெரிந்து, தொண்டை அடைத்து, ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். 'அடுத்து வெடிக்கப்போகிறது' என்று குழுவில் ஃபார்வர்டு வர ஆரம்பித்ததும் அண்ணன் எல்லோர் வாயையும் பூட்டினார்: அட்மின் மட்டுமே எழுதலாம். ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள், மெயின் ரோட்டுக்கு வாருங்கள், ஆட்டோ வேண்டியவர் எனக்குத் தனியாக அனுப்புங்கள். மூன்றே வரி. மேலே தள்ளிப் பார்த்தால் ஆட்டோ எண்கள் தெளிவாக இருந்தன. அவற்றை மூடுவதற்கு ஒரு ரோஜாப்பூகூட இல்லை. முதலில் ஆட்டோ கேட்டவர் எதிர்வீட்டு மாமா.

உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். ஐப்பசி மழைக்கு முன்னால் அவர் போட்டு வைத்திருக்கும் எண்களை ஒருமுறை பார்த்து, உங்கள் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஏற்றியதும் குழுவில் "சரிண்ணா" மட்டும் போடாதீர்கள்.