பனிக்காலத்தில் பிராக்: கேள்வி – பதில்

கே: டிசம்பர் கடைசியில் நானும் மனைவியும் பிராக் நகரில் ஒரு நாள் இருக்கப் போகிறோம். அந்தக் குளிரில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். போகலாமா?

ப: தாராளமாகப் போங்கள். கோடையில் சார்லஸ் பாலத்தில் ஏறினால் முன்னால் போகிறவரின் முதுகுதான் தெரியும். குளிர்காலக் காலையில் பாலம் தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அந்த நாட்களில் சூரியன் காலை 8 மணிவாக்கில் எழுந்து, மாலை 4 மணிக்கே மறைந்துவிடும். அந்த 8 மணி நேரத்தையும் தெருவுக்கும் ஆற்றுக்கும் கொடுங்கள். கடைகள் இருட்டிய பிறகும் திறந்திருக்கும்.

கே: சரி, முதலில் எங்கே?

ப: பாலத்துக்குத்தான், விடிகிற நேரத்தில். மன்னர் நான்காம் சார்லஸ் 1357-ல் அடிக்கல் நாட்டியது. 16 வளைவுகள், இருபுறமும் 30 சிலைகள், அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம். பழைய நகரத்திலிருந்து கோட்டையை நோக்கி நடங்கள். வெயில் முதுகுப் பக்கமிருந்து வந்து எதிர்க் குன்றில் உள்ள கோட்டைமேல் விழும்.

கே: நடந்துகொண்டிருக்கும்போது பனி கொட்டினால்?

ப: கொடுத்துவைத்தவர்கள்! குடையை விரிக்காதீர்கள். கோட்டுக் கையில் விழுகிற துகளை உற்றுப் பாருங்கள். பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அவையில் கணித அறிஞராக இருந்த கெப்ளர் இதே ஊரில் அதைத்தான் செய்தார். புத்தாண்டுக்கு நண்பருக்கு என்ன பரிசு கொடுப்பது என்ற யோசனையோடு பாலத்தைக் கடக்கிறார். கோட்டில் பனித்துகள்கள் விழுகின்றன. எதைப் பார்த்தாலும் ஆறு முனை. ஏன் ஐந்து இல்லை, ஏன் ஏழு இல்லை? அந்தக் கேள்வியையே 1611-ல் சிறு நூலாக எழுதி நண்பருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

விடை தேடித் தேனடைக்குப் போனார், மாதுளை முத்துக்குப் போனார், உருண்டைகளை எப்படி நெருக்கமாக அடுக்கலாம் என்று பார்த்தார். நம் பழக்கடைக்காரர் ஆரஞ்சைக் கோபுரமாக அடுக்குகிறாரே, அதைவிட நெருக்கமான அடுக்கு கிடையாது என்பதுதான் அவர் எழுதிவைத்த கருத்தின் சாரம். அதைக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் கணினியின் துணையோடு 1998-ல்தான் நிரூபித்தார். பனியின் ஆறு முனைக்குக் காரணம், உறையும்போது நீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்வது. அந்த விடை கெப்ளருக்குக் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை நூலிலேயே ஒப்புக்கொண்டார். விடை தெரியாத கேள்வியைப் பரிசாகக் கொடுக்கும் நட்பு எவ்வளவு பெரியது!

கே: இது மனைவியின் கேள்வி. என் கணவர் வெளியூர் போனால் ரயிலைப் பிடிக்கிறவர் மாதிரி நடப்பார். நான் மெதுவாக நடப்பேன். யார் சொல்வதைக் கேட்பது?

ப: உங்கள் பேச்சைத்தான் அம்மா. பனி படிந்த கருங்கல் தெருவில் வேகம் ஆகாது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் தானாகக் குறையும். இருவருக்குமே நல்ல பிடிமானமுள்ள காலணி வேண்டும்.

கே: முழங்கால் வலி. கோட்டைக்கு ஏற முடியுமா?

ப: 22-ஆம் எண் டிராம் மேலேயே கொண்டுபோய் விடும். முன்கூட்டியே வாங்கிய காகித டிக்கெட்டானால், ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். மேலே புனித விட்டஸ் பேராலயம்: 1344-ல் தொடங்கிய கட்டுமானம் 1929-ல்தான் நிறைவுற்றது.

அங்கிருந்து பொன் சந்துக்குப் போங்கள். குள்ளமான வீடுகளின் வரிசையில் 22-ஆம் எண் வீட்டை எழுத்தாளர் காஃப்காவின் தங்கை ஓட்லா வாடகைக்கு எடுத்திருந்தார். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த காஃப்கா, 1916–17 குளிர்காலத்தில் மாலைகளில் அங்கே வந்து எழுதிவிட்டு, இரவில் பனியில் இறங்கி நடந்து வீடு திரும்பினார். பனிப்புயலில் நோயாளியைப் பார்க்கக் கிளம்பும் கிராமத்து மருத்துவரின் கதை அந்தக் குளிர்காலத்தில் பிறந்ததுதான். அந்த வீட்டுக்குள் குனிந்து நுழைந்து பார்த்தால் அந்தக் கதையின் குளிர் எங்கிருந்து வந்தது என்று புரியும்.

கே: நாங்கள் சைவம். பட்டினியா?

ப: இல்லை. உருளைக்கிழங்கு சூப் உண்டு. இறைச்சி போடவில்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொரித்த பாலாடைக்கட்டி ஏறக்குறைய எல்லா உணவகத்திலும் கிடைக்கும். பழம் வைத்து வேகவைத்த உருண்டைகளை உருக்கிய வெண்ணெயோடு தருவார்கள், அதை விட்டுவிடாதீர்கள். தெருவெங்கும் சுழற்றிச் சுடும் ட்ரடல்னீக் என்ற இனிப்பு ரொட்டியைப் பழங்காலத்து பிராக் பண்டம் என்பார்கள். அது அந்த ஊருக்குச் சமீபத்தில்தான் வந்தது. ருசிக்காக வாங்குங்கள். கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பே போனால், நீங்கள் உண்ணாவிட்டாலும், தெருவோரத் தொட்டிகளில் உயிருள்ள கெண்டை மீன்கள் விற்பதைக் காணலாம். பண்டிகை விருந்துக்கு அதுதான் அங்கே முக்கியம். அதன் செதிலைப் பணப்பையில் வைத்தால் காசு தங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

கே: வானியல் கடிகாரம் வெறும் பொம்மை ஆட்டம்தான் என்கிறார்களே?

ப: பொம்மைகள் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். நீங்கள் அதற்குப் பிறகும் நில்லுங்கள். 1410-ல் செய்த அந்த முகப்பில் சூரியன், சந்திரன், ராசி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெளிவளையத்தில் 24 எண்கள் இருக்கும். அவை சூரிய மறைவிலிருந்து மணியை எண்ணுபவை. சூரியன் விழும் நேரமே அதில் 24, கோடையானாலும் குளிர்காலமானாலும். மாலை 4 மணிக்கு அதன் கீழே நின்றால், ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்குவதை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். இதைச் செய்தவரின் கண்ணைப் பிடுங்கிவிட்டார்கள் என்ற கதையை வழிகாட்டிகள் சொல்வார்கள். அது வெறும் கட்டுக்கதை.

கே: இருட்டியபின் அறைக்குத் திரும்பிவிடலாமா?

ப: வென்செஸ்லாஸ் சதுக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்புங்கள். 1968 ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்தன. மக்கள் மனமொடிந்து அடங்கிப்போவதைப் பொறுக்காமல் யான் பலாஹ் என்ற 20 வயது மாணவர் 1969 ஜனவரி 16 அன்று அந்தச் சதுக்கத்தின் மேல்முனையில் தன்மேல் தீ வைத்துக்கொண்டார். மூன்று நாள் கழித்து இறந்தார். அந்த முனையிலுள்ள அருங்காட்சியகத்துக்கு முன்னால் அவர் நினைவாகத் தரையோடு தரையாக ஒரு சிலுவை பதிந்திருக்கும். தேடிப் பார்த்தால்தான் கண்ணில் படும். 1989 நவம்பரில் அதே சதுக்கத்தில் லட்சக்கணக்கானோர் கூடி, வீட்டுச் சாவிக்கொத்துகளைக் குலுக்கி கம்யூனிஸ்ட் ஆட்சியை வழியனுப்பினார்கள்.

கே: அந்த ஊருக்கும் நமக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

ப: உண்டு. சங்க இலக்கியத்தை மேலை உலகுக்கு எடுத்துச் சென்ற அறிஞர்களில் முக்கியமானவரான கமில் சுவெலபில் 1927-ல் பிராகில் பிறந்தவர். அங்கேயே தமிழ் ஆய்வில் ஈடுபட்டிருந்தவர், அந்த 1968 படையெடுப்புக்குப் பின் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அவர் பெயரை அந்தச் சதுக்கத்தில் நின்று மனைவியிடம் ஒரு முறை சொல்லுங்கள் ஐயா. அவர் எழுதிய புத்தகம் ஒன்றை ஊருக்கு வந்ததும் தேடி வாங்குங்கள்.