அறுபதுக்குப் பின் ஆளுக்கொரு ஸ்கூட்டர்

கேள்வி: பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சிறிய ஸ்கூட்டர் வாங்கி ஊர் சுற்றப் புறப்படுவது அந்த வயதுக்கு ஏற்றதுதானா?

பதில்: ஏற்றதே; ஸ்கூட்டரின் வடிவத்திலேயே முதியவர்களின் முழங்காலுக்கு ஒரு சலுகை இருக்கிறது. 1946இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துக்காக வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ, மோட்டார் சைக்கிளை விரும்பாத விமானப் பொறியாளர் ஆதலால், காலைத் தூக்கிப் போடாமல் நேரே உள்ளே வைத்து அமரும்படி முன்பகுதியைத் திறந்துவிட்டு, எஞ்சினைப் பின்சக்கரத்தருகே மூடி வைத்தார். இன்றைய பெட்ரோல் ஸ்கூட்டர்களிலோ, கப்பிகளும் பட்டையும் கொண்டு வேகத்துக்கேற்ப இழுவிசையைத் தானே மாற்றிக்கொள்ளும் சி.வி.டி. என்னும் அமைப்பு இருப்பதால், கியர் மாற்றும் வேலையும் இல்லை.

ஒரே வண்டியில் சென்றால் பின்னால் அமர்பவர் வழிநெடுக முன்னவரின் முதுகையே பார்த்துவர வேண்டும். இரண்டு வண்டிகள் என்றால் இருவருக்குமே சாலை சொந்தம்.

குறை, வேகமாகச் சென்றால் சிறிய சக்கரம் பள்ளங்களில் அதிகம் குலுங்கும் என்பதே. ஆகவே வேகம் மிகுந்த நான்குவழிச் சாலையைத் தவிர்த்து, தஞ்சாவூரிலிருந்து திருவையாறு, கல்லணை எனக் காவிரியை ஒட்டிய ஊர்களுக்குப் பகலில் மெல்லச் செல்வதே சிறந்தது. இந்தியாவில் 55 வயதுக்கு மேல் பெறும் ஓட்டுநர் உரிமம் 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், வண்டி வாங்கும் முன் உரிமத்தின் தேதியையும் கண்பார்வையையும் சரிபார்த்துவிட்டு, தலைக்கவசம் இரண்டு வாங்குக.